வாலிபர் கேட்கிற கேள்விங்க: வீட்ல, ஃபேக்டரில, மாமாக் கடையில விசுவாசத்தோட இருக்கறது எப்படி?

மலேசியாவுல, பினாங்குல, தீவுலயும் சரி, பட்டர்வர்த் பிறை பக்கமும் சரி, வாலிபர் கூட்டம் நடக்கும்போது "ஏதாவது கேள்வி இருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் தரைய பாப்பாங்க. கூட்டம் முடிஞ்சு மாமாக்ல (இந்திய முஸ்லிம் சாப்பாட்டு கடை) தே தாரிக் டீ வந்த அப்புறம்தான் நிஜமான கேள்வி வரும். அப்படி வந்த கேள்விங்கதான் கீழ இருக்கு. கத்தோலிக்க பசங்க, மெத்தடிஸ்ட், லூத்தரன், ஏஜி (அசெம்ப்ளீஸ் ஆஃப் காட்) பசங்க எல்லாரும் கலந்து கேட்டது, அதனால ஒரு இடத்துல ஃபாதர்னு இருக்கும் இன்னொரு இடத்துல பாஸ்டர்னு இருக்கும், கண்டுக்காதீங்க. நான் போதகர் இல்ல, ரொம்ப வருஷமா வாலிபர்கூட ஓடிட்டு இருக்கற ஒரு அக்கா, அவ்ளோதான். என் பதில் உங்க சபை சொல்றதுக்கு ஒத்து வரலன்னா அங்க போய் பேசுங்க.

கே: சாட்சியா இருக்கணும்னா மைக் புடிச்சு பேசணுமா? எனக்கு நாலு பேர் முன்னாடி வாயே வராது.

வேணாம். 1 பேதுரு 3:15 எடுத்து நிதானமா படி. உன் நம்பிக்கைய பத்தி யாராவது விசாரிச்சா பதில் சொல்ல ரெடியா இரு, அதையும் சாந்தமா சொல்லுன்னுதான் இருக்கு. முதல்ல அவங்க கேட்கணும், அப்புறம்தான் நீ பேசற. அப்போ அவங்க கேட்கற அளவுக்கு உன்கிட்ட என்ன தெரியுதுன்றதுதான் விஷயம்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிங்கள்ல வேலை செய்யற பசங்களுக்கு நான் எப்பவும் எம்சி (மெடிக்கல் லீவு) கதைதான் சொல்லுவேன். லாங் வீக்கெண்ட் முடிஞ்சு திங்கக்கிழமை வந்தா பாதி லைன் காலியா கெடக்கும், எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்து போக்கு. நீ வந்து நிக்கற, அவன் மெஷினையும் சேர்த்து பாத்துக்கற, அடுத்த நாள் அவன் வரும்போது குத்தி காட்டாம இருக்கற, சூப்பர்வைசர்கிட்டயும் போட்டு குடுக்கல. இப்படியே போனா ஒரு நாள் அவனே கேட்பான், ஏன்டா நீ மட்டும் எம்சி எடுக்க மாட்டேங்கற, சர்ச்சுல திட்டுவாங்களான்னு. அங்க ரெண்டு வரி சொன்னா போதும், பிரசங்கம் வேணாம். காடி கண்ணாடியில சிலுவைய தொங்க விட்டுட்டு பினாங்கு பாலத்துல எமர்ஜென்சி லேன்ல பறக்கறவங்க இருக்காங்க, அவங்கள பாத்து யாரும் கேள்வி கேட்க போறதில்ல.

கே: வீட்ல நான் மட்டும்தான் சர்ச்சுக்கு போறேன், மத்தவங்க எல்லாம் இந்து. தீபாவளி வந்தாலே சண்டை. என்ன பண்றது?

இது உனக்கு மட்டும் இல்ல. 2020 சென்சஸ்ல மலேசியாவுல கிறிஸ்தவங்க 9.1 சதவீதம், அதுலயும் பெரும்பாலானவங்க சபா சரவாக் பக்கம். இங்க தீபகற்பத்துல இருக்கற தமிழ் கிறிஸ்தவங்கள்ல சித்தி, மாமா, பெரியப்பான்னு யாராவது ஒருத்தர் இந்துவா இல்லாத குடும்பமே அபூர்வம். அதனால இது நம்ம வாழ்க்கையோட சாதாரண நிலைமை, புடிச்சாலும் புடிக்கலன்னாலும்.

பெரும்பாலான சண்டை சாமி விஷயத்துல ஆரம்பிக்கறதில்ல, வேலை விஷயத்துல ஆரம்பிக்குது. ஒரு வாரமா அம்மா ஒத்தையா முறுக்கு சுத்திட்டு இருக்காங்க, நீ "எனக்கு தீபாவளி இல்ல"ன்னு ரூம்ல ஃபோன் பாத்துட்டு இருக்க. அம்மாவுக்கு எரியுமா எரியாதா? ஃபேன் தொடை, கர்ட்டன் மாத்து, வெங்காயம் உரி, லிட்டல் இந்தியாவுக்கு கூட்டிட்டு போய் பையெல்லாம் தூக்கிட்டு வா, வர்ற சின்ன பசங்களுக்கு உன் சம்பளத்துலருந்து அங்பாவ் (கவர்ல காசு) குடு. எண்ணெய் தேச்சு குளிக்கறதுல விசுவாசத்துக்கு ஒண்ணும் ஆயிடாது. பூஜை ரூம்ல நிக்க முடியாதுன்னா அத அன்னிக்கு காலையில எல்லாரும் புது துணி போட்டுட்டு நிக்கும்போது சொல்லாத, ரெண்டு வாரம் முன்னாடியே அம்மா தனியா இருக்கும்போது சொல்லு. அழுவாங்க. கூட உக்காரு.

2 இராஜாக்கள் 5ம் அதிகாரத்துல நாகமான் எலிசாகிட்ட இதே மாதிரி ஒண்ணு கேட்பான், என் எஜமான் ரிம்மோன் கோயிலுக்கு என் கைய புடிச்சுட்டு போகும்போது நானும் குனிய வேண்டி வருமே, கர்த்தர் மன்னிப்பாரான்னு. எலிசா அவன திட்டல, சமாதானத்தோட போன்னு அனுப்பிட்டார். இத வெச்சு எல்லாம் செய்யலாம்னு சொல்றவங்களும் உண்டு, இல்ல அது அவன் ஒருத்தனுக்கு மட்டும்னு சொல்றவங்களும் உண்டு. நான் அதுல பாக்கறது வேற, புதுசா நம்பிக்கைக்கு வந்தவன் தன் சிக்கல ஒளிக்காம கேட்டான், பெரியவர் அவன அவசரப்படுத்தல.

கே: எஸ்பிஎம் பரீட்சை அன்னிக்கு காலையில பாட்டி திருநீறு பூச வந்தாங்க. நான் தலைய திருப்பிட்டேன். தப்பா?

நடந்தத அப்படியே பாரு. பாட்டி அஞ்சு மணிக்கு எந்திரிச்சு குளிச்சு உனக்காக வேண்டிக்கிட்டு, கட்டை விரல்ல திருநீறோட வாசல் கேட் பக்கத்துல நிக்கறாங்க, முட்டி வலி வேற. நீ ஷூ லேஸ் கட்டிட்டே மொகத்த திருப்பிக்கற. பாட்டிக்கு புரியறது இவ்ளோதான்: என் பேரப்புள்ளைக்கு நான் வேண்டாதவ ஆயிட்டேன். பூசிக்கணும்னு நான் சொல்லல, உன் மனசாட்சி இடம் குடுக்கலன்னா வேணாம். ஆனா அந்த கைய புடிச்சு உன் தலையில வெச்சு, "பாட்டி, நீங்க கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க, எனக்கு அது போதும்"னு சொல்ல பத்து செகண்ட் கூட ஆகாது. இன்னிக்கே போய் பக்கத்துல உக்காந்து பேசு.

கே: படையல் சாப்பாடு, கோயில் பிரசாதம் சாப்பிடலாமா?

1 கொரிந்தியர் 8, 10 ரெண்டு அதிகாரமும் இதே கேள்விதான். பவுல் சொல்றது சுருக்கமா: முன்னாடி வெச்சத நோண்டி கேட்காம சாப்பிடு, ஆனா ஒருத்தர் இது படைச்சதுன்னு குறிப்பா சொல்லி குடுத்தா அவர் மனசாட்சிக்காக விட்டுடு. வேணாம்னா ரெண்டு கையும் சேர்த்து "பரவால்லங்க"ன்னு சொல்லு, மூக்க சுளிக்காத. இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

கே: தைப்பூசத்துக்கு ஃபிரண்ட் கூப்பிடறான். அங்க டிராக்ட் (சுவிசேஷ நோட்டீஸ்) குடுக்கலாம்னு எங்க குரூப்ல ஒருத்தன் சொல்றான்.

ரெண்டாவதுக்கு முதல்ல பதில்: கூடாது. ஜாலான் கெபூன் பூங்கா முழுக்க தண்ணீர் பந்தல், ரதம் வர்ற வழியில சீனவங்களும் மூட்டை மூட்டையா தேங்காய் உடைக்கறாங்க, ஒருத்தர் விரதம் இருந்து அலகு குத்தி வெறுங்கால்ல நடந்து வர்றார், அவர் கையில நீ ஒரு பேப்பர திணிக்கற. கிறிஸ்மஸ் ராத்திரி ஆராதனை வாசல்ல வேற மதத்துக்காரங்க நின்னு நோட்டீஸ் குடுத்தா உனக்கு எப்படி இருக்கும்? சட்டமெல்லாம் அப்புறம், இது முதல்ல மரியாதை இல்ல.

ஃபிரண்ட் கூட போறது வேற. அவன் அம்மா பால் குடம் எடுக்கறாங்கன்னா தண்ணி பாட்டில் தூக்கிட்டு கூட நடக்கறதும், அவங்க மயக்கம் போட்டா புடிக்கறதும் தப்புன்னு எனக்கு தோணல. கும்பிடறது, காவடி எடுக்கறது உன்னால முடியாதுன்னு அவனுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கணும். சில பாஸ்டருங்க கோயில் வாசலுக்கே போகாதன்னு சொல்லுவாங்க, அவங்க ஏன் அப்படி சொல்றாங்கன்னு கேட்டு தெரிஞ்சுக்கோ. அதுல பலர் அந்த பக்கத்துலருந்து வந்தவங்க, அவங்களுக்கு அது சும்மா வேடிக்கை இல்ல.

கே: முஸ்லிம் ஃபிரண்ட் இயேசுவ பத்தி கேட்கறான். என்ன சொல்ல?

இத எல்லாரும் ஒழுங்கா தெரிஞ்சு வெச்சுக்கணும். கூட்டரசு அரசியலமைப்புல பிரிவு 11(1) என்ன சொல்லுதுன்னா ஒவ்வொருத்தருக்கும் தன் மதத்த கடைபிடிக்கவும் பரப்பவும் உரிமை இருக்கு, ஆனா பரப்பறது 11(4)க்கு உட்பட்டது. அந்த 11(4) படி முஸ்லிம்கள் மத்தியில வேற மதத்த பரப்பறத சட்டம் போட்டு கட்டுப்படுத்தலாம். பல மாநிலங்கள்ல அப்படி சட்டம் இருக்கு, சிலாங்கூர்ல 1988லேயே வந்துடுச்சு. கோலாலம்பூர்ல காலேஜ் படிக்கறேன்னு போறவங்க பாதி பேர் தங்கறது பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலாம், அதெல்லாம் சிலாங்கூர்தான்.

அதனால புக்கு குடுக்கறது, கூட்டத்துக்கு கூப்பிடறது, வீடியோ லிங்க் அனுப்பறது இதெல்லாம் வேணாம். நீ ஏன் ஞாயித்துக்கிழமை ஃபுட்சால் வரலன்னு கேட்டா சர்ச்சுக்கு போறேன்னு சொல்லு, அதுக்கு ஏன் பயப்படணும். அதுக்கு மேல ஆழமா கேட்டா நேர்மையா சொல்லிடு, இதுல சட்டம் இருக்கு, நான் தாண்டி பேச மாட்டேன், உன்னையும் மாட்டி விட மாட்டேன்னு. இது கோழைத்தனம்னு யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க யாராவது சொன்னா அவங்க இங்க வந்து ஐசி (அடையாள கார்டு) எடுத்துட்டு பேசட்டும். நோன்பு மாசத்துல அவன் முன்னாடி சாப்பிடாம இரு, ஹரி ராயாவுக்கு வீட்டுக்கு போ, அவன் உன் வீட்டுக்கு வந்தா ஹலால் கடையில தாப்பாவ் (பார்சல்) பண்ணி வை.

கே: எனக்கு 16 வயசு. அப்பா அம்மாவுக்கு தெரியாம ஞானஸ்நானம் எடுக்கலாமா?

கூடாது. எந்த லீடரும் உனக்கு அப்படி குடுக்கவும் கூடாது.

அரசியலமைப்பு பிரிவு 12(4) படி 18 வயசுக்கு கீழ இருக்கறவங்க மதத்த தாய் தகப்பன் இல்லன்னா கார்டியன்தான் தீர்மானிக்கணும். ஆனா நான் சட்டத்துக்காக மட்டும் சொல்லல. இந்திரா காந்தி கேஸ் நம்ம எல்லாருக்கும் தெரியும், ஈப்போவுல பாலர்பள்ளி டீச்சர், 2009ல புருஷன் இஸ்லாமுக்கு மாறி அவங்களுக்கு தெரியாமலே மூணு புள்ளைங்களையும் மாத்திட்டார், 11 மாச கைக்குழந்தைய தூக்கிட்டும் போயிட்டார். 2018 ஜனவரி 29ல கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது, தாய் தகப்பன் ரெண்டு பேர் சம்மதமும் வேணும்னு தீர்ப்பு குடுத்துச்சு. தீர்ப்பு வந்த பிறகும் அந்த தாய் கடைசி புள்ளைய பாக்க முடியாம வருஷக்கணக்குல தேடினாங்க. அப்போ நம்ம ஜனங்க, கிறிஸ்தவங்களும் சேர்ந்துதான், ஒரு தாய்க்கு தெரியாம இப்படி பண்ணலாமான்னு கொதிச்சோம். அத பேசின அதே வாயால இன்னொரு இந்து தாய்க்கு தெரியாம அவங்க மகள தண்ணியில முக்கி எடுக்க நமக்கு என்ன யோக்யதை இருக்கு?

காத்திரு. கர்த்தர் உன் 18வது பிறந்த நாள் வரைக்கும் தாங்குவார். அதுவரைக்கும் வீட்ல சொல்லிட்டே சர்ச்சுக்கு போ, டியூஷன் போறேன்னு பொய் சொல்லிட்டு வராத. வீட்ல ஒரேயடியா விடலன்னா பைபிள வீட்லயே படி, ஸ்கூல்ல மார்க் குறையாம பாத்துக்கோ, ஏன்னா மார்க் குறைஞ்சா முதல்ல பழி சர்ச்சு மேலதான் விழும்.

கே: ஃபிரண்டோட அம்மாவுக்கு கிட்னி ஃபெயில். சுகமளிக்கும் கூட்டத்துக்கு வந்தா குணமாகும்னு சொல்லலாமா?

ஜெபிக்கலாம், ஜெபிக்கட்டுமான்னு அவங்ககிட்டயே கேளு, வேணாம்னு சொல்றவங்க ரொம்ப குறைச்சல். குணமாகும்னு நீ வாக்கு குடுக்காத, அது உன் கையில இல்ல. டயலிசிஸ வாரத்துக்கு மூணு தடவன்னு டாக்டர் சொல்லியிருந்தா மூணு தடவையும் போகணும், மாத்திரைய நிறுத்துறதுதான் விசுவாசம்னு எந்த மேடையில யார் சொன்னாலும் கேட்காதீங்க, உங்க ஃபிரண்ட் அம்மாகிட்ட அத கொண்டு போய் சொல்லவும் செய்யாதீங்க. சொல்லி அவங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா அந்த குடும்பம் மூணு தலைமுறைக்கு சர்ச்சு பக்கம் திரும்பாது. டயலிசிஸ் முடிஞ்சு வரும்போது உடம்புல தெம்பே இருக்காது, அந்த நேரத்துல காடியில கூட்டிட்டு போய் விடு. சமையல் பண்ணி குடுக்கறதுன்னா உப்பு, தண்ணி, வாழைப்பழம் எல்லாத்துக்கும் கட்டுப்பாடு இருக்கும், கேட்டுட்டு செய்.

கே: "உங்களுது வெள்ளைக்காரன் மதம்"னு மாமா கிண்டல் பண்றார்.

மாமாகிட்ட வாக்குவாதம் பண்ணி ஜெயிச்சவங்க யாரும் இல்ல, ஆனா தெரிஞ்சு வெச்சுக்கோ. 1578ல கொல்லத்துல தமிழ்ல ஒரு கிறிஸ்தவ ஜெப புத்தகம் அச்சடிச்சாங்க, தம்பிரான் வணக்கம்னு பேரு. ஃபிரான்சிஸ் லைட் பினாங்குல வந்து இறங்கினது 1786, அதுக்கு 200 வருஷத்துக்கு முன்னாடியே தமிழ்ல அச்சு புக்கு இருந்திருக்கு. அப்புறம் சீகன்பால்க் 1706ல தரங்கம்பாடிக்கு வந்தப்ப அவருக்கு 23 வயசுதான், உங்க செட்டு. திண்ணை பள்ளிக்கூடத்துல சின்ன பசங்களோட உக்காந்து மணல்ல எழுதி தமிழ் கத்துக்கிட்டார், 1715க்குள்ள புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாயிடுச்சு. அவர் வெள்ளைக்காரர்தான், மாமா சொல்றது அந்த மட்டும் சரி. ஆனா வைஷ்ணவ குடும்பத்துல பொறந்து 1858ல ஞானஸ்நானம் எடுத்த எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை கம்பன விடாம புடிச்சுக்கிட்டு கிறிஸ்தவ காவியமே பாடினார். தமிழையும் பொங்கலையும் புடவையையும் விட்டாதான் கிறிஸ்தவன்னு நினைக்கறது நம்ம பசங்க சிலர்தான், அவங்கள பாத்துட்டுதான் மாமாவும் அப்படி பேசறார்.

கே: எனக்கு தமிழ் படிக்க வராது, நேஷனல் ஸ்கூல். தமிழ் ஆராதனையில ஒண்ணும் புரியல. இங்கிலீஷ் சர்ச்சுக்கு போயிடட்டுமா?

போறதுன்னா போ, பாவம் இல்ல. ஆனா உன் பாட்டிகிட்ட, ஃபேக்டரி அக்காகிட்ட விசுவாசத்த பத்தி பேசணும்னா எந்த பாஷையில பேசுவ? பழைய தமிழ் பைபிள் நடை தமிழ் ஸ்கூல் பசங்களுக்கே கஷ்டம்தான், ஆடியோ பைபிள் கேட்டுட்டே கூட படி, லூக்கால ஆரம்பி. சபை பெரியவங்களுக்கு ஒண்ணு: ஸ்கிரீன்ல பாட்டு வரிய ரூமி (இங்கிலீஷ்) எழுத்துலயும் போடுங்க, தமிழ் அழிஞ்சிடாது.

கே: 12 மணி நேர ஷிஃப்ட், ஞாயித்துக்கிழமை லீவு கிடைக்கறதே இல்ல.

சனிக்கிழமை சாயந்திர பூசை கத்தோலிக்கங்களுக்கு இருக்கு. மத்தவங்க செல் குரூப்ப உங்க ரெஸ்ட் நாளுக்கு மாத்துங்க, நாலு பேர் இருந்தா போதும். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தூங்காம மோட்டோர்ல பாலம் தாண்டி ஆராதனைக்கு வராத, அது பக்தி இல்ல ஆபத்து. வராதவங்கள "பின்மாற்றம்"னு மேடையில பேசற லீடருங்க ஒரு வாரம் அந்த லைன்ல நின்னு பாக்கட்டும்.

கே: டிக்டாக், இன்ஸ்டாகிராம்ல சுவிசேஷம் சொல்லலாமா?

சொல்லு, உன் கதைய சொல்லு. மத்தவங்க சாமிய, சடங்க கிண்டல் பண்ணி ரீல் போடாத, கமெண்ட்ல போய் சண்டை போடாத. மத உணர்வ புண்படுத்தினா தண்டனை சட்டம் பிரிவு 298 இருக்கு, ஆன்லைன்ல போட்டா தொடர்பு பல்லூடக சட்டம் பிரிவு 233 வேற. உன் ஃபிரண்ட் ஜெபத்துக்காக சொன்ன அந்தரங்க விஷயத்த சாட்சின்னு போஸ்ட் போட்டா எனக்கு இன்னும் கோவம் வரும்.

கே: லவ்?

தனியா வந்து பேசு. முஸ்லிமா இருந்தா இந்த நாட்டு சட்டப்படி நீ மதம் மாறாம கல்யாணம் நடக்காது, அத முதல் நாளே தெரிஞ்சுக்கோ. இந்துன்னா சட்டத்துல தடை இல்ல, ரெண்டு பேருக்கும் ஒரே 1976 கல்யாண சட்டம்தான், தாலி எங்க கட்டறது, புள்ளைய எப்படி வளக்கறதுன்றத மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடி பேசுங்க. மதம் மாறினாதான் கல்யாணம்னு மிரட்டி ஒருத்தர சர்ச்சுக்கு கொண்டு வராத.

கே: நான் மூத்த பையன். அப்பா போயிட்டா நான்தான் கொள்ளி வைக்கணும். இத நினைச்சாலே தூக்கம் வரல.

எல்லா கேள்வியிலயும் இதுதான் கஷ்டமானது, பசங்க கடைசியா, மத்தவங்க எந்திரிச்சு போன அப்புறம்தான் கேட்பாங்க. சபைக்கு சபை பதில் மாறும். மொட்டை போடறது, பிண்டம் வைக்கறது வேணாம், நெருப்பு மட்டும் வைக்கலாம்னு சொல்றவங்க இருக்காங்க, எதுவுமே கூடாதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. நீ முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி பேச வேண்டியது பாஸ்டர்கிட்ட மட்டும் இல்ல, அப்பாகிட்டயும்தான். அவர் நல்லா இருக்கும்போதே, ஒரு நாள் சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருக்கும்போது, "அப்பா, உங்க காரியத்த நான் எப்படி செய்யணும்னு ஆசைப்படறீங்க"ன்னு கேளு. அபசகுனம்னு அம்மா கத்துவாங்க. அப்பா பெரும்பாலும் கத்த மாட்டார், ஏற்கனவே யோசிச்சு வெச்சிருப்பார். உன்னால முடியாதத அவர்கிட்டயே சொல்லு, தம்பியோ சித்தப்பா மகனோ செய்யட்டும்னு அவர் வாயால சொல்ல வை. பத்து கந்தோங் மின்சுடலையில சொந்தக்காரங்க எல்லாரும் நிக்கும்போது "நான் செய்ய மாட்டேன்"னு முதல் தடவையா சொல்றதுதான் பெரிய கொடுமை.

சடங்கு செய்யலன்னா மத்த எல்லா வேலையும் உன்னுது. ஆஸ்பத்திரி பேப்பர், சாவு பதிவு, வேன், பந்தல், சாப்பாடு, செலவு, பாடைக்கு தோள் குடுக்கறது, 16ம் நாள் கருமகிரியைக்கு நாற்காலி அடுக்கறது. சபை ஆளுங்க வருவாங்க, வரட்டும், அம்மா பக்கத்துல உக்காரட்டும். ஆனா இந்துவா வாழ்ந்து செத்தவர் பெட்டி முன்னாடி நின்னு நம்ம பாட்ட பாடி மைக் புடிக்கறது வேணாம்னு அவங்ககிட்ட நீயே முன்கூட்டி சொல்லிடு, அந்த வீட்டு துக்கம் அவங்களுது.

கே: ஃபிரண்ட சர்ச்சுக்கு கூப்பிடணும், "மியூசிக் நைட்"னு சொல்லி கூப்பிடலாமான்னு யோசிக்கறோம்.

மியூசிக் மட்டும் இருந்தா அப்படி சொல்லு. நடுவுல பிரசங்கம், கடைசியில "கைய தூக்குங்க" இருக்குன்னா அதையும் சேர்த்து சொல்லு. இலவச டியூஷன்னு சொல்லி கூப்பிட்டு பாதி நேரம் பைபிள் நடத்தறதும் இதே கணக்குதான், அந்த பையன் அம்மாவுக்கு தெரிஞ்சா கணக்கு பாடமும் போச்சு. ஒரு தடவ ஏமாத்தி கூட்டிட்டு வந்தா அடுத்த தடவ நீ சாப்பாட்டுக்கு கூப்பிட்டாலும் சந்தேகப்படுவான்.

எங்க கூட்டிட்டு போறதுன்னு தெரியலன்னா புக்கிட் மெர்தாஜம் செயிண்ட் ஆன்ஸ் கத்தோலிக்க சர்ச்சு திருநாள் இருக்கு, ஜூலை 26, அதுக்கு முன்னாடி நாட்கள்ல நவநாள் (ஒன்பது நாள்) ஜெபம், 2019ல அந்த சர்ச்ச பசிலிக்கான்னு (சிறப்பு அந்தஸ்து உள்ள சர்ச்சு) வேற அறிவிச்சிருக்காங்க. சீனவங்க, இந்துக்கள் எல்லாம் அவங்களாவே வந்து மெழுகுவர்த்தி ஏத்திட்டு போறாங்க, அதனால உன் ஃபிரண்டுக்கு அந்நியமா இருக்காது, யாரும் பேர் ஃபோன் நம்பர் கேட்டு ஃபாரம் நீட்டவும் மாட்டாங்க. மெத்தடிஸ்ட் பசங்க "அது கத்தோலிக்கமாச்சே அக்கா"ன்னு இழுப்பாங்க, வாங்கடா பாத்துட்டு வரலாம். தமிழ் பூசை நேரத்த முன்கூட்டி பாத்துக்கோங்க, காடி எடுத்துட்டு வராதீங்க, பார்க்கிங் கிடைக்காது, பட்டர்வர்த்லருந்து ட்ரெயின் புடிங்க.